நேர் விமானத்தில் இடமில்லை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் டிக்கெட்டக்கா. சாவி செய்கிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார், மாடியில் பல் பிடுங்குகிற டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு டிக்கெட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

கடை ஒரு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு மேசை, இரண்டு கணினி, சுவரில் ஓர் உலக வரைபடம். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் விழுந்து விழுந்து, வரைபடத்தின் ஒரு பக்கத்துக் கடல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. பள்ளி விடுமுறை நெருங்கினால் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும். நான்கு பேர் நான்கு ஊரைச் சொல்லிக் கத்துவார்கள். அக்கா தலையைத் தூக்காமலேயே நான்கு பேருக்கும் பதில் சொல்வார். கை மட்டும் ஐந்தாவது ஆளின் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்.

முதல்முறை பறக்கிறவர்கள், "எவ்வளவு தூரம்க்கா?" என்று கேட்பார்கள். கிலோமீட்டரில் சொன்னால் யாருக்கும் ஏறாது என்பது அக்காவின் அனுபவம். மூவாயிரம் என்றாலும் ஒன்பதாயிரம் என்றாலும் ஒரே மாதிரிதான் வாயைப் பிளப்பார்கள். அதனால் சொந்தமாக ஓர் அளவு வைத்திருந்தார். "ஒரு சாப்பாடு, தூக்கம் கிடையாது" என்றால் பக்கத்து நாடு. "ரெண்டு சாப்பாடு, ஒரு தூக்கம்" என்றால் தூரத்து ஊர். "மூணு சாப்பாடு, தூக்கம் வரும், ஆனா தூங்க விடமாட்டாங்க" என்றால் நடுவில் இறங்கி மாற வேண்டிய ஊர்.

அக்காவின் தம்பி இருக்கும் ஊர் ரெண்டு சாப்பாடு, ஒரு தூக்கம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் பதினோரு மணி நேரம். தினமும் ஒன்று உண்டு.

அக்கா இந்தக் கடைக்குள் போன் எடுக்கிற பெண்ணாக நுழைந்தவர். முதலாளி உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிக்கொண்டபோது, அக்காவும் எதிர் மேசை விசாக்காரரும் சேர்ந்து கடையை எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட் அக்காவுடையது, விசா வேலை விசாக்காரருடையது. விசாக்காரருக்கு உலகத்தில் எல்லாவற்றின் மேலும் சந்தேகம். போட்டோவில் காது சரியாகத் தெரியவில்லை என்று தேனிலவுக்குப் போகிற மாப்பிள்ளையையே திருப்பி அனுப்பியவர்.

தம்பி படிக்கப் போனபோது அவனுக்கு முதல் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தவர் அக்காதான். ஜன்னல் ஓரம், இறக்கை மறைக்காத வரிசை. படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் கிடைத்தது. எத்தனையோ முறை வந்து போனான். ஒருமுறைகூட அவனாக டிக்கெட் எடுத்ததில்லை. "வீட்டுலயே கடை இருக்கும்போது நான் எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?" என்பான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய்க் கணினியைப் போட்டார். தம்பியின் ஊரிலிருந்து அன்றைக்குக் கிளம்பும் நேர் விமானத்தில் இடம் இருந்தது. அவன் பெயரில் ஒன்றைப் பிடித்து வைத்தார். இந்தத் தொழிலில் பணம் கட்டாமலேயே சில மணி நேரத்துக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைக்கலாம். கெடு தாண்டினால் அது தானாக விழுந்துவிடும். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டுதான் போன் போட்டார். விஷயத்தை அவனுக்கு அக்காவின் கணவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி பேசினான். "அக்கா, நானே பார்த்துட்டேன்க்கா. நேர் விமானத்துல இடமே இல்ல. சுத்தி வந்தா இருபத்தாறு மணி நேரம் ஆகுது. நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். எனக்காகக் காத்திருக்காதீங்க."

திரையில் அவன் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே இருக்கை எண் இருந்தது.

"சரிடா" என்றார் அக்கா. போனை வைத்தார். பிடித்து வைத்த இடத்தை அவர் விடுவிக்கவில்லை. அப்பாவை அனுப்பிவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய நேரத்தில் அது தானாக விழுந்திருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் ஒரே வாரத்தில் இரண்டு பேரை இழந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார்: "தூரமாம், பெரிய தூரம்! பெத்த அப்பனுக்கு வர முடியாத தூரம் என்னடி தூரம்? இவன் என்ன நிலாவுலயா இருக்கான்?" அந்தப் பேச்சு அக்காவுக்கு ஒத்தடம் மாதிரி இருந்தது. அப்புறம் எந்த விசேஷத்தில் உறவுக்காரர்கள் கூடினாலும் தம்பியின் தலை உருளும். அக்கா ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார். காபி டம்ளரை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எட்டு மாதம் கழித்துத் தம்பி வந்தான். வழக்கம்போல அக்காதான் டிக்கெட் போட்டார். கடைசி வரிசை, கழிப்பறைச் சுவரை ஒட்டி, சாயாத இருக்கை, அதிலும் நடு. "என்னக்கா இப்படிப் போட்டுட்டே?" என்று கேட்டான். "கூட்டம்டா" என்றார். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அது போதவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார்கள். மாற்றியே ஆக வேண்டும். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. வயதானவர், பயப்பட வேண்டாம், ஆனால் உத்தரவாதமும் தர முடியாது என்று டாக்டர் இரண்டு பக்கமும் பேசினார். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அவனை ஒருதடவை பார்த்துட்டு உள்ள போறேன்."

செவ்வாய்க்கிழமை காலை தம்பி போன் செய்தான். கடையில் கூட்டம் இல்லை.

"அக்கா, லீவு சொல்லிட்டேன். எப்படியாவது அம்மா உள்ள போறதுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்க்கா. எது கிடைச்சாலும் போடு."

"இரு, பாக்குறேன்."

அன்று மாலை கிளம்பும் நேர் விமானத்தில் பதினான்கு இடங்கள் இருந்தன. ஏறினால் புதன்கிழமை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர் விமானத்துல இடம் இல்லடா" என்றார். சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தார். நடுங்கவில்லை. மூன்று வருடமாக நாக்கிலேயே ஊறிக் கிடந்த வாக்கியம், வழுக்கிக்கொண்டு வந்தது. "சுத்தித்தான் வரணும். ரெண்டு இடத்துல மாறணும். நாளைக்குக் காலையிலதான் கிளம்ப முடியும். இருபத்தாறு மணி நேரம்."

கடைசி மூன்று வார்த்தைகளை அழுத்திச் சொன்னார். அதைக் கேட்டு அவன் ஒரு நொடியாவது திடுக்கிடுவான், மூச்சு ஒருமுறையாவது தடுமாறும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ. சரிக்கா, போட்டுடு. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்."

அவனுக்கு நினைவே இல்லை. அப்பாவுக்கு வராமல் இருக்கச் சொன்ன பொய்யைக்கூட அவன் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை அதுவரை அக்கா மனம் மாறியிருக்கலாம். அந்தக் கணத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை. பொத்தானை அழுத்தினார்.

எதிர் மேசையிலிருந்து விசாக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "நேர்ல பதினாலு கிடக்கே. என் திரையிலயும் தெரியுதே."

"உங்க திரையில யாருக்காவது காது தெரியுதான்னு பாருங்க."

"விளையாடாதேம்மா. அம்மா அவனைக் கேட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"அப்பாவும் கேட்டாரு."

விசாக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் திரைப் பக்கம் திரும்பினார். பிரிண்டர் மட்டும் கரகரவென்று ஓடியது.

புதன்கிழமை முழுக்க அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்க வந்துட்டிருக்கான்?" அக்கா போனை எடுத்து, கடலுக்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்த சின்ன விமானப் படத்தைக் காட்டினார். அம்மா விரலை வைத்து அதைத் தள்ளிப் பார்த்தார். "இது என்னடி, நகரவே மாட்டேங்குது? மாட்டுவண்டியில ஏத்தி விட்டியா அவனை?" சித்தி சிரித்தார். அக்காவும் சிரிக்க வேண்டியிருந்தது.

வியாழன் காலை தள்ளுகட்டில் வந்தது. தம்பி அப்போது இரண்டாவது விமான நிலையத்தில், ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "அவன் வந்ததும் திட்டாதே. புள்ள என்ன பண்ணுவான்? தூரம் அப்படி. அப்பாவுக்கும் இப்படித்தானே மாட்டிக்கிட்டான், பாவம்."

கதவு மூடிக்கொண்டது. அக்கா அங்கேயே நின்றார். அம்மா சொன்னதில் ஏதோ ஒன்று தப்பாக இருந்தது. அது என்ன என்று அவருக்கு அப்போது பிடிபடவில்லை. அம்மா பிழைப்பாரா என்ற ஒரே கேள்விதான் அந்த நேரத்தில் தலைக்குள் இருந்தது.

அம்மா பிழைத்தார். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தபடியே வந்து சொன்னார். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வந்து சேர்ந்தான். கால் வீங்கி ஷூவைக் கையில் பிடித்திருந்தான். பெட்டி எங்கோ நடுவழியில் தங்கிவிட்டது. சட்டை மூன்று விமான நிலையங்களின் வாடையடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவே மயக்கத்தில் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, சுவரில் நெற்றியை வைத்து அழுதான்.

"ஒரு வார்த்தை பேசியிருக்கணும்க்கா. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை."

அக்கா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தது. நன்றாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அந்த நிம்மதி சனிக்கிழமை வரைதான் நீடித்தது.

அம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். தம்பி கட்டில் ஓரம் உட்கார்ந்து, வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் பயணத்தைச் சொன்னான். முதல் ஆளுக்குச் சொன்னபோது அது வெறும் களைப்பு. மூன்றாவது ஆளுக்குச் சொன்னபோது அதில் தரையில் படுத்துத் தூங்கியதும், கதவு சாத்துகிற நேரத்தில் ஓடிப்போய் ஏறியதும், பக்கத்து இருக்கைக் குழந்தை வழியெல்லாம் வாந்தியெடுத்ததும் சேர்ந்துகொண்டன. ஐந்தாவது ஆள் வந்தபோது எல்லோரும் சுற்றி நின்று கேட்கிற கதையாகிவிட்டது.

"இருபத்தாறு மணி நேரமா?" என்று ஒவ்வொருவரும் கன்னத்தில் கை வைத்தார்கள்.

"ஆமா. அதுவும் அக்கா போட்டதால இது. வேற யாராவதுன்னா இதுவும் கிடைச்சிருக்காது."

திங்கட்கிழமை சித்தி அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். "நான் ஒரு பைத்தியக்காரி. அன்னைக்கு உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்! இப்பதானே தெரியுது எவ்வளவு தூரம்னு. இதுல எப்படிடா வந்திருக்க முடியும் நீ?"

"அதான் சித்தி. அன்னைக்கும் இதே கதைதான். நான் சொன்னா யாரு நம்பினீங்க?"

கையில் வெந்நீர் பிளாஸ்க்குடன் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைப் பழிவாங்கப் போட்ட டிக்கெட்டை அவன் சாட்சியாக்கிக்கொண்டான். மூன்று வருடமாகக் குடும்பம் முழுக்க அவன்மேல் வைத்திருந்த குறையை, இருபத்தாறு மணி நேரத்தில் அக்காவே கழுவித் துடைத்து, அவனை மணமாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டார். இனி அவன் சொன்னது பொய்யில்லை. வழி, ஊர், நேரம் எல்லாவற்றோடும் அக்காவே அதை மெய்யாக்கிக் கொடுத்தாயிற்று.

அம்மா மெல்லிய குரலில், "நான் அப்பவே சொன்னேனே, தூரம் அப்படின்னு" என்றார்.

"வேணும்னா அக்காகிட்டயே கேளுங்க" என்றான் தம்பி. "டிக்கெட் கடை வச்சிருக்கிற அக்காவாலயே நேர் விமானத்துல இடம் பிடிக்க முடியலைன்னா, அன்னைக்கு நான் எம்மாத்திரம்? சொல்லுக்கா."

எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. தம்பியைக் கஷ்டப்பட்டு வரவழைத்த நல்ல அக்காவாகவே இருந்துவிடலாம். அவனும் நல்ல மகனாகவே ஊர் திரும்புவான்.

பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"நேர் விமானத்துல இடம் இருந்துச்சு. பதினாலு இடம். நான்தான் போடல."

யாருக்கும் புரியவில்லை. சித்தி சிரித்தார். "என்னடி உளர்றே?"

"பதினோரு மணி நேரத்துல வந்திருப்பான். புதன்கிழமையே வந்திருப்பான். வேணும்னேதான் சுத்தி விட்டேன். அப்பா போன அன்னைக்கும் நேர்ல இடம் இருந்துச்சு. இவன் பேர்ல நானே பிடிச்சு வச்சுட்டுப் போன் பண்ணேன். இடமே இல்ல, இருபத்தாறு மணி நேரம்னு எங்கிட்டயே சொன்னான். அவன் சொன்னதையே அவனுக்கு நான் திருப்பிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

சித்தி முதலில் சுதாரித்துக்கொண்டார். "அடிப்பாவி! உள்ள போனவ திரும்பி வராம இருந்திருந்தா?"

"அப்பாவும்தான் திரும்பி வரல, சித்தி."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். "அன்னைக்கு இடம் இருந்துச்சாடா?"

தம்பி நாற்காலியிலிருந்து காலை இறக்கினான். தரையைப் பார்த்தான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பிறகுதான் மகள் பக்கம் திரும்பினார். "நான் விரலால தள்ளித் தள்ளிப் பார்த்துட்டிருந்தப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

பக்கத்துக் கட்டில்காரர்கூட மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடி, மார்பின் மேலிருந்த கட்டின்மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தையல் பிரிஞ்சிடும்."

சித்தி காலியான நாற்காலியில் உட்காரப் போனார்.

"நீயும்தான்" என்றார் அம்மா. "மூணு வருஷமா அவனைத் திட்டினே. மூணு நாளா அவனைக் கொஞ்சினே. போய் ஒரு டீ குடிச்சுட்டு வா."

நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அக்கா ஒரு முனையில் உட்கார்ந்தார், தம்பி மறுமுனையில். ஒரு துப்புரவுப் பெண் அவர்கள் காலைத் தூக்கச் சொல்லித் தரையைத் துடைத்துக்கொண்டு போனார். ஈரம் காய்ந்த பிறகு தம்பிதான் ஆரம்பித்தான்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா. 'இடம் இருக்குடா, பொய் சொல்லாதே'ன்னு."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவன் யோசித்தான். "தெரியல."

"எதுக்குடா வரல?"

இந்தக் கேள்வியை மூன்று வருடமாக வைத்திருந்தார். பதில்களையும் அவரே செய்து வைத்திருந்தார். அங்கே ஏதோ வம்பில் மாட்டியிருப்பான். அப்பாவோடு யாருக்கும் தெரியாமல் பெரிய சண்டை போட்டிருப்பான். ஏதாவது ஒரு நோயாக இருக்கும், மறைத்திருப்பான்.

"அந்த வாரந்தான் என் வேலையை நிரந்தரம் பண்ற வாரம்" என்றான் தம்பி. "லீவு கேட்க பயமா இருந்துச்சு."

"கேட்டு இல்லைன்னாங்களா?"

"கேட்கல."

"கேட்டிருந்தா?"

"குடுத்திருப்பாங்க. அப்புறம் விசாரிச்சப்ப சொன்னாங்க, கேட்டிருக்கலாமேன்னு."

அக்கா அவனையே பார்த்தார். அவ்வளவுதானா? பெரிதாக ஏதாவது இருந்திருந்தால், அதற்கு எதிரே தன் கோபத்தை வைத்து நிறுத்துப் பார்த்திருக்கலாம். இது ஒன்றுமே இல்லை. ஒரு மேலாளரின் அறைக் கதவைத் தட்டக் கூச்சம். இதற்காகவா அப்பாவின் தலைமாட்டில் ஓர் ஆள் குறைந்தது? அக்காவின் கோபம் அடங்குவதற்குப் பதிலாக இன்னொரு சுற்றுக் கிளம்பியது.

தம்பி ஷூவை எடுத்துக் காலை நுழைத்துப் பார்த்தான். இன்னும் ஏறவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை நான் கிளம்பணும். அதையும் சுத்துவழியாத்தான் போட்டிருக்கியா?"

"ஆமா."

"மாத்த முடியாதா?"

"முடியும்."

"மாத்துவியா?"

"மாட்டேன்."

தம்பி தலையை ஆட்டினான். வாதாடவில்லை. ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "முதல்ல இறங்குற இடத்துல எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"ஒம்பது மணி நேரம். இந்தத் தடவை கடையெல்லாம் பூட்டியிருக்குற நேரம்."

"அவ்வளவு நேரம் அங்க உட்கார்ந்து என்னக்கா பண்றது?"

"யோசி" என்றார் அக்கா.